செட்டித் தெரு எந்த வரைபடத்தில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாள், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் பேரன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். குடும்பத்துப் பெரியவர்களைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொல்லித் தமிழாசிரியை கொடுத்த வேலை. "பாட்டி, உங்க அப்பா எங்க வேலை பார்த்தார்?" என்று கேட்டான். "செட்டித் தெருவில்" என்றேன். உடனே கைப்பேசியில் தேடினான். தமிழில் அடித்துப் பார்த்தான், ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தான், அது தமிழ்நாட்டில் இருக்கும் ஏதேதோ ஊர்களைக் காட்டியது. "சிங்கப்பூர்ல அப்படி ஒரு தெருவே இல்லையே பாட்டி" என்று சொல்லிவிட்டு, அந்த வரியை எழுதாமல் விட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி என்னை விடவில்லை. என் அப்பா ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் தினமும் போய்வந்த தெரு அது. காலையில் பசியாறிவிட்டு, "செட்டித் தெருவுக்குக் கிளம்பறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். எங்கள் வீட்டில், அண்டை அயலில், யாரும் அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடிதத்தின் மேல் முகவரி எழுதும்போது மட்டும்தான் அது மார்க்கெட் ஸ்திரீட். இந்தப் பெயர்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் புது ஊர், பழசைப் பார்க்க வேண்டுமானால் மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டும் என்று நம் வீடுகளிலேயே பேசிக்கொள்கிறோம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் மரினா பேயைப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. 1819 மே மாதம் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் தடவை இங்கே வந்தபோது, அதே கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், 1827-இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினார். என் அப்பா அம்மாவுக்குத் திருமணம் நடந்ததும் அந்த அம்மன் சன்னிதியில்தான். 2023 பிப்ரவரியில் அங்கே குடமுழுக்கு நடந்தபோது, கூட்டத்தில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்த எனக்கு இந்த ஊர் புது ஊராகத் தெரியவில்லை. ஆகவே பழசு இருக்கிறது. கட்டடங்களில் பலவற்றைக் காப்பாற்றியும் விட்டோம். கைநழுவிப் போய்க்கொண்டிருப்பவை அந்த இடங்களை நம்மவர்கள் கூப்பிட்ட பெயர்கள்.

அப்பா செட்டியார் இல்லை. கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். கிட்டங்கி என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு என்னவென்று சொல்வது? நீளமான ஒரு கடைவீடு, உள்ளே நீண்ட கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகச் சாய்வு மேசைகள். ஒவ்வொரு மேசையும் ஒரு தனி வட்டிக்கடை. மேசைக்குப் பின்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் ஊரிலிருக்கும் முதலாளியின் ஆள், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையல்காரர். பகலில் வியாபாரம் நடக்கிற அதே கூடத்தில்தான் ராத்திரி பாயை விரித்துப் படுப்பார்கள். ரப்பர்த் தோட்டம் வாங்க வந்த சீனரும், கடைவீடு கட்ட வந்த அரபியரும், மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு வந்த துறைமுகத் தொழிலாளியும் அந்தப் பாய்க்கு முன்னால்தான் உட்கார்ந்தார்கள் என்று அப்பா சொல்வார். நான் சிறுமியாக இரண்டு மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். திருநீறு, மை, பழைய தாள், அடுப்பங்கரையிலிருந்து வரும் ரச வாசனை எல்லாம் கலந்த ஒரு மணம், அதை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை.

1970களில் அந்த வரிசை இடிக்கப்பட்டது. அப்பா அதன்பிறகு ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார்.

சரி, பேரனிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று, மறுவாரமே அவனைக் கூட்டிக்கொண்டு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கினேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்றைக்கு நிற்பது 280 மீட்டர் உயரமும் 51 மாடியும் கொண்ட கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடம். நடுவில் மரம் செடியெல்லாம் வளர்ந்து நிற்க, பார்க்க அழகாகவே இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழ்த் தளங்களில் உணவங்காடி நிலையம் இருப்பதால் அங்கேயே சாப்பிட்டோம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட வங்கி ஊழியர்கள், அவர்களில் பாதிப் பேராவது கடன் கொடுப்பது, வட்டி கணக்குப் பார்ப்பது சம்பந்தமான வேலையில்தான் இருப்பார்கள். அப்பா செய்த அதே வேலை, அதே தெருவில், அதே மதியச் சாப்பாட்டு நேரத்தில். பேரனிடம் இதைச் சொன்னதும் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். "அப்போ கொள்ளுத் தாத்தா மாதிரி இவங்க தரையில உட்காரலை, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான். பழையதும் புதியதும் ஒன்றையொன்று தொடுகிற இடம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எனக்கு அன்றைக்குத்தான், ஒரு கிண்ணம் மீன் சூப்புக்கு முன்னால், நிஜமாகப் புரிந்தது. ஆனால் அந்தத் தெருவில் எங்கே தேடியும், இதைத் தமிழர்கள் செட்டித் தெரு என்று சொன்னார்கள் என்கிற ஒரு வரி என் கண்ணில் படவில்லை. ஆற்றோரம் கெவனா பாலத்துப் பக்கம் சிலை இருக்கிறது, செட்டியார் மேசைமுன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பேரனை அங்கேயும் கூட்டிப்போய்க் காட்டினேன். சிலை அழகானது. ஆனால் அது தெருவில் இல்லை.

செட்டித் தெரு என்பது எங்கள் வீட்டில் புழங்கிய பெயர். மற்றவற்றை நான் பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1890களின் தொடக்கத்தில், ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இங்குள்ள கிளை இதழில், சிங்கப்பூர்த் தெருக்களைச் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்று தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். கிராஸ் ஸ்திரீட் நம்மவர்களுக்குப் பால்கடைச் சடக்கு. மலாய்க்காரர்களும் அதைக் கம்போங் சூசூ, அதாவது பால் கம்பம் என்றுதான் சொன்னார்களாம் (கம்பம் என்றால் குடியிருப்பு). அரபு ஸ்திரீட் பூக்கடைச் சடக்கு. சடக்கு என்ற சொல்லைப் பாருங்கள், வடக்கேயிருந்து கப்பலேறி வந்து இங்கே தமிழாகிப்போன சொல், ரோடு வந்து அதைத் தள்ளிவிட்டது. என் பாட்டி "சடக்கைப் பார்த்துக் கடந்து போ" என்று சொல்வார். என் அம்மா காலத்திலேயே அது குறைந்துவிட்டது, என் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

பால்கடைச் சடக்கு என்ற இரண்டு சொல்லில் எவ்வளவு இருக்கிறது! அங்கே மாடு கட்டியிருந்தார்கள், பால் கறந்தார்கள், விடிகாலையில் பாத்திரத்தோடு போய் வாங்கினார்கள், விற்றவர்கள் தமிழ் பேசினார்கள். கிராஸ் ஸ்திரீட் என்ற பெயரில் குறுக்கே போகிற தெரு என்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

அன்றைக்கே தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கும் நடந்தோம். மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்ப்பதற்கு முன் அந்தத் தெருதான் கடற்கரை என்று சொன்னதும் பேரன் நம்பவேயில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் கட்டடமாக இருக்கிறதே என்றான். அதனால்தான் அங்கே அத்தனை வழிபாட்டுத் தலங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. உயிரோடு கரையேறியவர்கள் ஈரம் காயுமுன் நன்றி சொல்ல ஓர் இடம் தேடினார்கள். சீனர்களுக்குத் தியான் ஹொக் கெங்கில் கடல் தெய்வம், நம் தமிழ் முஸ்லிம்களுக்கு நாகூர் ஆண்டவர் நினைவாக 1830 வாக்கில் கட்டி முடித்த நாகூர் தர்கா. அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் ஒரு சின்னக் குடிசையில் தொழத் தொடங்கியதால் தமிழர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றார்கள். பிறகு கல் கட்டடம் வந்தது, பெயர் குச்சாகவே நின்றது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் ஜாமியா சூலியா பள்ளிவாசல் பெரிய பள்ளி. குச்சுப் பள்ளி, பெரிய பள்ளி என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஒரே ஊருக்குள் புழங்கிய மனிதர்களின் பேச்சு காதில் விழும். பெரிய பள்ளியிலிருந்து நாலு எட்டு எடுத்து வைத்தால் மாரியம்மன் கோயில். அம்மன் கோபுரத்தைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்றும், கோயிலை வைத்து அடுத்த தெருவுக்கு டெம்பிள் ஸ்திரீட் என்றும் பெயர் வந்தது. ஆக, நம் கோயில் இரண்டு தெருக்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது, இரண்டும் ஆங்கிலத்தில்.

லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்கா பக்கம் வந்தால் என் மனசு இன்னும் நிறையும், ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்தது பஃபல்லோ ரோட்டில், ஒரு கடைவீட்டின் மாடியில். அங்கே போவதற்கு முன் முதியோர் இல்லத்திலிருக்கும் என் அத்தையைப் பார்க்கப் போனோம். அத்தைக்கு வயது 88. நேற்று யார் வந்தார்கள் என்பது நினைவில் நிற்காது, அறுபது வருடத்துக்கு முந்தியது அப்படியே இருக்கிறது. பேரன் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய பாட்டி, நீங்க சின்ன வயசுல எந்தக் கோயிலுக்குப் போவீங்க?" என்று கேட்டான். அத்தை யோசிக்கவேயில்லை. "சுண்ணாம்புக் கம்பத்துக் கோயிலுக்குத்தான்டா தம்பி, வேற எங்க போறது" என்றார். பேரன் என்னைப் பார்த்தான். சிராங்கூன் ரோட்டில் இருக்கும் வீரமாகாளியம்மன் கோயில்தான் அது. அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன, அங்கே வேலை செய்த தமிழர்கள் குடியிருந்த கம்பம் சுண்ணாம்புக் கம்பம், அவர்கள் கும்பிட்ட காளி சுண்ணாம்புக் கம்பத்துக் காளி. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் அக்கம்பக்கத்துச் சனங்கள் ஓடிப்போய் ஒதுங்கியதும் அந்தக் கோயிலில்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதே வட்டாரத்தில் கம்போங் கபோர் ரோடு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது, பலகையும் இருக்கிறது. கபோர் என்றால் மலாயில் சுண்ணாம்பு. ஆக மலாய்க்காரர்கள் வைத்த பெயர் பலகையில் ஏறிவிட்டது, அதே பொருள் கொண்ட நம் பெயர் அத்தையின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. மலாய்ப் பெயர் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், இருக்கத்தான் வேண்டும். பக்கத்தில் நம்முடையதும் இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

சுண்ணாம்பு என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் உள்சுவர்களுக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரைக் கலந்து பூசி, காய்ந்தபின் வழவழவென்று தேய்த்து எடுப்பது. நம் ஊர்ப் பக்கத்து வித்தை. 1860களின் தொடக்கத்தில் கட்டி முடித்தது இன்றும் சிட்டி ஹால் நிலையத்துக்கு எதிரே வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதைத் தேய்த்த கைகளின் பெயர் எதுவும் நமக்குத் தெரியாது. மனிதர்களின் பெயர் போய்விட்டது, அவர்கள் கூப்பிட்ட இடங்களின் பெயராவது மிஞ்ச வேண்டாமா?

தேக்கா என்ற பெயரே ஒரு கதை. அது தமிழ் என்று நினைத்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். ஹொக்கியன் சொல் அது, மூங்கிலடி என்று பொருள். ரோச்சோர் கால்வாய் ஓரம் மூங்கில் புதர்கள் இருந்தனவாம். மலாய்க்காரர்களுக்கு அதே இடம் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். நம்மவர்களும் வங்காளிகளும் அங்கே மாடு கட்டி வியாபாரம் செய்தார்கள், அதனால்தான் பஃபல்லோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம். அந்தத் தொழுவத்தின் பெயர் ஆஸ்பத்திரிக்குப் போய், 1966-இல் அந்தக் கேகே (கண்டாங் கெர்பாவ் என்பதன் சுருக்கம்) ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. அதில் ஒன்று என் கடைசித் தம்பி. மாடு போய் எத்தனையோ காலமாகியும் தொழுவத்தின் பெயர் நிலைத்துவிட்டது. யாருக்கும் அதனால் குறைவு வந்ததாகத் தெரியவில்லை.

1982-இல் பழைய சந்தையைக் காலி செய்து இப்போதுள்ள கட்டடத்துக்கு மாற்றியபோது அதற்கு ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். தேக்கா என்பதைத்தான் மாண்டரின் உச்சரிப்பில் எழுதியிருந்தார்கள், அர்த்தம் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயரை யார் சொன்னார்கள்? மீன் வாங்க வந்த மலாய் அம்மா சொல்லவில்லை, கறி வாங்க வந்த நாங்கள் சொல்லவில்லை, ஹொக்கியன் பேசிய காய்கறிக்காரரே சொல்லவில்லை. எல்லாரும் தேக்கா, தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். 2000-ஆம் ஆண்டு பலகையை மாற்றித் தேக்கா நிலையம் என்று எழுதினார்கள். சனங்கள் வாயிலிருந்த பெயர் பலகைக்குப் போயிற்று. ஆகவே நான் நடக்காத ஒன்றைக் கேட்கவில்லை, இந்த நாட்டிலேயே நடந்ததைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பலகையில் சீன எழுத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? சைனாடவுன் என்று இல்லை. நியூ சே ஷுவெய் என்று இருக்கிறது, அதாவது மாட்டு வண்டித் தண்ணீர். அந்தக் காலத்தில் அங்கே மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததால் சீனர்கள் வைத்த பெயர். மலாயிலும் கிரேத்தா ஆயர் என்றால் தண்ணீர் வண்டிதான். அவர்கள் தங்கள் பாட்டன் சொன்ன பெயரை எம்ஆர்டி பலகையில் ஏற்றிவிட்டார்கள். கீழே தமிழில் சைனாடவுன் என்று ஆங்கிலத்தை அப்படியே எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறோம். மாரியம்மன் இருநூறு வருடமாக உட்கார்ந்திருக்கும் வட்டாரத்துக்கு நம்மிடம் சொந்தப் பெயரே இல்லாமலா இருந்திருக்கும்?

பழசு எல்லாமே பொன் என்று சொல்ல நான் வரவில்லை, அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் மாடியில் பலகைத் தடுப்புப் போட்டு ஐந்து குடும்பங்கள் இருந்தோம். குளியலறை ஒன்று. கக்கூஸ் என்பது ஒரு வாளி, அதை எடுத்துப் போக ஆள் வருவார். அந்த முறை நாட்டிலிருந்து முழுதாக ஒழிந்ததே 1987-இல்தான். ராத்திரி இருட்டில் கீழே இறங்கிப் போகப் பயந்து என் அக்கா அழுததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அங் மோ கியோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்து, குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தபோது அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போக நான் ஒரு நாளும் ஆசைப்படமாட்டேன். கடைவீடுகளில் பெரும்பகுதி இடிபடாமல் நின்றதும் 1989-இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததால்தான், அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சுவரும் சன்னலும் பளிச்சென்று சாயம் பூசி நிற்கும்போது, உள்ளே மாவு மில் இருந்ததா, பால் கறந்தார்களா, பத்திரிகை அச்சடித்தார்களா என்று சுவர் பேசாது. பெயர்தான் பேசும். அதற்குச் செலவும் இல்லை, யாரையும் காலி செய்யச் சொல்லவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நடந்த ஒரு சின்ன விஷயம். சிராங்கூன் ரோட்டில் கடைகளுக்கு முன்னாலிருக்கும் அஞ்சடி நடைபாதையில் நானும் பேரனும் பூ வாங்கிக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் ஒரு இளைஞர், கட்டுமான வேலைக்கு வந்தவர் என்று நினைக்கிறேன், கைப்பேசியில் கூட்டாளிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "ரோட்டுப் பேரெல்லாம் தெரியாது மாப்ள, காளியம்மன் கோயில்லேருந்து நேரா வா, பூக்கடை வரும், அங்கயே நில்லு, நான் வர்றேன்" என்றார். என் பேரன் சட்டென்று என் கையை இழுத்து, "பாட்டி, பூக்கடைச் சடக்கு!" என்றான். அந்த இளைஞர் ஊரை விட்டு வந்து எத்தனை மாதமோ, தெரியாது. ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இங்கே இறங்கியவர் என்ன செய்தாரோ அதையே செய்கிறார், கோயிலையும் கடையையும் வைத்துத் தனக்கு ஓர் ஊரை உண்டாக்கிக்கொள்கிறார். அவர்கள் வாயில் இப்போது புழங்கும் பெயர்களையும் யாராவது எழுதி வைத்தால் நல்லது, ஐம்பது வருடம் கழித்து வேறொரு பேரன் தேடுவான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தெருக்களின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. மார்க்கெட் ஸ்திரீட் மார்க்கெட் ஸ்திரீட்டாகவே இருக்கட்டும். பதிவு இருக்கிற இடங்களில் மட்டும், தெருப் பலகைக்குக் கீழேயோ பக்கத்துத் தூணிலோ ஒரு சின்னப் பலகை வைத்து, தமிழர்கள் இதைச் செட்டித் தெரு என்றார்கள், இதைப் பால்கடைச் சடக்கு என்றார்கள் என்று தமிழ் எழுத்தில் எழுதலாம். மலாய்க்காரர்களும் சீனர்களும் சொன்ன பெயர்களையும் சேர்த்தே எழுதலாம், அப்போதுதான் ஒரே தெருவில் எத்தனை பேர் எத்தனை விதமாக வாழ்ந்தார்கள் என்பது தெரியும். தெருப் பெயர்களை முடிவு செய்கிற அதிகாரிகளும் தேசிய மரபுடைமைக் கழகமும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேம்பல் லேனில் 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது, உள்ளே அருமையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கதவுக்கு வெளியே தெருவிலும் மரபுடைமை கிடக்கிறது, அதை அங்கேயே வைத்துத்தான் காட்ட முடியும்.

அப்புறம் ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள். 1979 முதல் அரசாங்கமே வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது, தமிழில் பேசியவர்களும் அதில் இருக்கிறார்கள். என்றாலும் என் அத்தை போன்ற எல்லாரிடமும் ஒலிவாங்கியோடு யாரும் போக முடியாது. பத்திரிகையால் முடியும். 1887-இல் சிங்கை நேசன் என்ற தமிழ் இதழ் வெளிவந்த ஊர் இது, இங்கே தமிழன் நடந்த தெருவைத் தமிழ்ப் பத்திரிகைதான் எழுதி வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மூலையில், அரைப் பத்தி இடம் ஒதுக்குங்கள். வாசகர்கள் தங்கள் வீட்டில் புழங்கிய ஒரு பழைய தெருப் பெயரையும், அதைச் சொன்னவர் யார், அவர் அங்கே என்ன செய்தார் என்பதையும் நாலு வரியில் எழுதி அனுப்பட்டும். தப்பும் சரியுமாகத்தான் வரும், பரவாயில்லை, விவரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். என் அத்தை 88.

இதைப் படிக்கிறவர்களிடமும் கேட்கிறேன். தஞ்சோங் பகார் பக்கம் குடியிருந்த கடையநல்லூர், தென்காசிக் குடும்பத்தார் இருப்பீர்கள். கடையநல்லூர் ஸ்திரீட் என்று ஒரு தெரு அங்கே இன்றும் இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றியிருந்த மற்றத் தெருக்களை உங்கள் வாப்பாவும் உம்மாவும் என்ன சொன்னார்கள்? செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், தோபி காட் பக்கம் துணி வெளுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள், உங்கள் வீட்டில் எந்த இடத்துக்கு என்ன பெயர்? சைனாடவுன் வட்டாரத்தை மொத்தமாக நம்மவர்கள் என்னவென்று சொன்னார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? அத்தையிடம் கேட்டேன், "கோயிலுக்குப் போறோம்னுதான் சொல்லுவோம்" என்றார். தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கே எழுதுங்கள். என் பேரனின் தாளில் செட்டித் தெரு என்று எழுதியாகிவிட்டது, அதற்குக் கீழே இன்னும் நிறைய வரிகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அங் மோ கியோ